அஞ்சுகமும் ஒரு ரூபாய் வெட்டும்

கோட்டுச்சேரிமேட்டில் மீன்கூடை சுமக்கும் பெண்கள் முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். அவர்களில் அஞ்சுகம் வருவதை மட்டும் தெருமுனை திரும்புவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். "வாளை, சங்கரா, கண்ணு மூடாத மீனு" என்று அவள் கூவினால் காரைக்காலில் மூன்று தெருவுக்குக் கேட்கும். முப்பத்திரண்டு வயது. கணவன் கட்டுமரத்தில் போகிறவன், அதிகம் பேசாதவன். அவனுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

அவளுக்கு ஒரே தங்கை, அல்லி. இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் அல்லிக்கு வலி எடுத்தது. ஊரில் பிள்ளைப்பேறு பார்த்து வந்த கிழவி அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் போய்ச் சேர்ந்திருந்தாள். மேட்டிலிருந்து கோட்டுச்சேரிக்குப் போகும் வண்டிப்பாதை தண்ணீருக்குள் கிடந்தது. கயிற்றுக் கட்டிலில் போட்டு நான்கு ஆண்கள் தூக்கினார்கள். பாதி வழியில், வயல் வரப்பின்மேல், பிள்ளை பிறந்தது. மூச்சு இல்லை. அன்று தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தவள் அஞ்சுகம்.

இப்போது அல்லிக்கு மறுபடி நான்கு மாதம். விரல் மடக்கிப் பார்த்தால் பிள்ளை பிறப்பது இந்த முறையும் ஐப்பசியில்தான் வந்து நின்றது.

பிரெஞ்சுக்காரர் கப்பலேறி இரண்டு வருஷம் ஆகவில்லை. புதுச்சேரியில் புதிதாகத் தேர்ந்தெடுத்த சபை கூடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து மக்கள் வாக்களித்து அனுப்பியது கபீர் மரைக்காயரை. காரைக்கால் கடைத்தெருவில் வலை நூலும் கயிறும் விற்கிறவர். கடல்காரர்கள் எல்லோருக்கும் அவர் கடை தெரியும். அவர் வீட்டுக்கு மீன் கொடுப்பது அஞ்சுகம். கொல்லைக் கதவு வழியாகப் போய் அவர் மனைவி ஷரீபுன்னிசாவிடம் கூடையை இறக்குவாள். "அம்மா, எங்க ஊருக்கு ஒரு நர்சம்மா வேணும்னு மரைக்காயர்கிட்ட சொல்லுங்க" என்று அவள் சொல்லிச் சொல்லி, ஷரீபுன்னிசா அதைச் சோற்றோடு சோறாகக் கணவருக்குப் பரிமாறி, வைகாசி மாதத்தில் ஒருநாள் செய்தி வந்தே விட்டது. கோட்டுச்சேரிமேட்டுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கும் நர்சு ஒருத்தி வேண்டும் என்று சபையில் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து யாரும் ஒரு கை கூடத் தூக்கவில்லையாம்.

ஊர் துள்ளிக் குதித்தது.

அதற்குக் காரணம் உண்டு. மேட்டில் ஊர்ப் பஞ்சாயத்து வைத்ததுதான் சட்டம். தலைவர் நடராசன் கோயில் வாசலில் உட்கார்ந்து, "கரைக்கு வர்ற வழியில முள்ளு கெடக்குது, அள்ளணும்" என்று சொன்னால், பொழுது சாயும் முன் முள் இருக்காது. சொல்கிறவரும் அவர்தான். ஊர்ப்பங்கிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கிறவரும் அவர்தான். செய்து முடித்தார்களா என்று போய்ப் பார்க்கிறவரும் அவர்தான். பெரிய சபையும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடராசன் ஒருநாள் ஊர்ப்பங்கை அப்படியே விருந்துக்கு ஒதுக்கினார். காலா மீன் குழம்பு, இறால் வறுவல், மூன்று அண்டா சோறு. கபீர் மரைக்காயரைக் குடையும் மாலையுமாக அழைத்து வந்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். மாலையைக் கழற்ற மனமில்லாமல் மாலையோடே சாப்பிட்டார்.

"நர்சம்மா நாளைக்கா, நாளான்னைக்கா?" என்று அல்லி கேட்டாள்.

"வெள்ளிக்கிழம பஸ்ஸுல வருவா, பாரு" என்றாள் அஞ்சுகம்.

வெள்ளி வந்தது. அடுத்த வெள்ளியும் வந்தது. ஆனி பிறந்தது. பஸ் வந்தது, நர்சம்மா வரவில்லை.

அட்மினிஸ்திரேட்டர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த பூமிநாதன் வீடு அஞ்சுகத்தின் வாடிக்கை வீடுகளில் ஒன்று. நெரவியில் பிறந்தவர், பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரியும். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் ஒருநாள் காலையில் அஞ்சுகம் நேராகவே கேட்டாள்.

"ஐயா, எங்க ஊருக்குப் போட்ட நர்சம்மா எந்தக் கச்சேரியில ஒக்காந்திருக்கா? ஒரு வார்த்தை சொன்னா நானே கையப் புடிச்சு அழைச்சிட்டுப் போயிருவேன்."

பூமிநாதன் துடைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "விருந்து வச்சது நீங்கதானா? கச்சேரி பூரா அதுதான் பேச்சு. ஆசைக்குப் பந்தி போட்ட ஊருன்னு."

"என்னாங்க ஆசை?"

"சபை போட்டது விருப்பத் தீர்மானம். இப்படிச் செஞ்சா நல்லதுன்னு சர்க்காருக்குச் சொல்றது. அவ்வளவுதான். நர்சுன்னா சம்பளம் வேணும். சம்பளம்னா பட்ஜெட்டுல ஒரு வரி வேணும். அந்த வரி இல்லையே."

"அந்த வரிய சபையில இருக்குறவங்க எழுதிக்கிட்டா என்னாவாம்?"

"அதுதான் முடியாது. செலவுக் கணக்கை எழுதிக் கொண்டு வர்றது சர்க்கார் பக்கம். சபையில வச்சு, 'இதுக்கு சம்மதமா?'ன்னு கேப்பாங்க. சபை சம்மதிக்கலாம், மறுக்கலாம், கொறைக்கலாம். புதுசா ஒண்ணைச் சேக்கவோ ஏத்தவோ முடியாது."

அஞ்சுகம் கூடையை இறக்கி வைத்தாள். இது நின்றுகொண்டு கேட்கிற சங்கதி இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. "அப்ப எல்லாம் சர்க்கார் கையில. இவங்க எதுக்கு நாப்பது பேரு வேட்டி துவைச்சுக் கட்டிக்கிட்டுப் போறாங்க?"

"அடி அம்மா, அங்கதான் விஷயம். சபை தலையாட்டாம சர்க்கார் ஒத்தக் காசு எடுக்க முடியாது. எழுதுறது ஒருத்தர், ஆகட்டும்னு சொல்றது இன்னொருத்தர். ரெண்டும் சேந்தாத்தான் பெட்டி தொறக்கும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி செல்லம்மா குரல் கொடுத்தாள்: "நம்ம வீட்டுல மாதிரிதான் அஞ்சுகம். சம்பளம் அவங்க வாங்குறது. ஆனா நான் சரின்னு சொல்லாம பொடி மட்டை வாங்கிருவாங்களா?"

"பாத்தியா" என்றார் பூமிநாதன். "ஆவணி கடைசில துணை பட்ஜெட்டுன்னு ஒண்ணு வரும். நடுவருஷத்துல விட்டுப்போன செலவெல்லாம் அதுல எழுதுவாங்க. ஆஸ்பத்திரி இலாகாக்காரங்க நர்சு வேணும்னு எழுதி அனுப்பினா உண்டு. ஒங்க மரைக்காயரை அதுக்கு அலையச் சொல்லு."

அன்று மீதி மீனை அவள் கூவி விற்கவில்லை. கால் தன் பாட்டுக்கு மரைக்காயர் வீட்டுக் கொல்லைக்குப் போனது. இவ்வளவு நாள் கதவு எது சுவர் எது என்று தெரியாமல் தட்டியிருக்கிறோம். இப்போது கதவு தெரிந்துவிட்டது.

"அம்மா, மரைக்காயர் இருக்காங்களா?"

"இருக்காஹ. என்னா புள்ளே, மூச்சு வாங்குது?" என்றாள் ஷரீபுன்னிசா.

"எங்க ஊரு இறால் வறுவல் அவங்களுக்கு ஒத்துக்கிச்சான்னு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன். ஆசைக்குத்தான் போட்டோமாம். நர்சுக்கு இல்லையாம்."

உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. கபீர் மரைக்காயர் கொல்லைப்புற நிலைப்படி வரை வந்து நின்றார். காது நுனி சிவந்திருந்தது. "எனக்கும் அன்னைக்கே தெரியும் அஞ்சுகம். அவ்வளவு பேரு கூடி மாலை போடுறப்ப, இது வெறும் விருப்பந்தான்னு எப்படிச் சொல்றது? நாக்கு எழும்பல."

"சாப்புட மட்டும் எழும்புச்சுல்ல."

"புள்ளே" என்று ஷரீபுன்னிசா அதட்டினாள். அதட்டிவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

அஞ்சுகம் அல்லியின் கதையைச் சொன்னாள். வரப்பு, தண்ணீர், மூச்சில்லாத பிள்ளை. அதன்பிறகு கபீர் மரைக்காயர் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஆடி முழுதும் மனு எழுதினார். இரண்டு முறை புதுச்சேரிக்குப் போய் இலாகாவில் நின்றார். "கவனிக்கப்படும்" என்று பதில் வந்தது. ஆவணி மூன்றாம் வாரத்தில் துணை பட்ஜெட்டின் அச்சடித்த பிரதி அவர் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு இனத்தில் மருந்துக்குப் பணம் இருந்தது, கட்டிலுக்கு இருந்தது, கூரைக்கு ஓடு மாற்ற இருந்தது. நர்சு இல்லை.

மறுநாள் அஞ்சுகம் போனபோது அவர் அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எழுதல" என்றார். "இனிமே நான் என்னா பண்றது? கூட்ட எனக்கு அதிகாரம் இல்ல. கொறைக்கத்தான் முடியும்."

"கொறைச்சு யாருக்கு லாபம்?"

"ஒண்ணு இருக்கு. டெல்லி பார்லிமெண்டுல செய்றாங்களாம், பேப்பர்ல படிச்சேன். ஒரு இனத்துல ஒரே ஒரு ரூபாயைக் கொறைக்கணும்னு தீர்மானம் குடுப்பாங்க. ரூபாய் வேணும்னு இல்ல. தீர்மானம் வந்துட்டா அந்த இனத்தை அப்படியே தள்ளிட்டுப் போக முடியாது. நிறுத்தி, ஏன்னு கேட்டு, சர்க்கார் பக்கம் எழுந்து பதில் சொல்லியாகணும். பதில் சொல்லலைன்னா ஓட்டு. ஒரு ரூபாயில தோத்தாலும் சர்க்காருக்கு மானக்கேடு."

அஞ்சுகத்தின் கண் விரிந்தது. "மரைக்காயரே, இது எங்க மணல்ல தெனம் நடக்குறதுதானுங்க."

"என்னா நடக்குது?"

"கரையில பங்கு பிரிக்கிறப்ப, தனக்கு அநியாயம்னு ஒருத்தனுக்குப் பட்டா சண்டை போட மாட்டான். தன் பங்குலேருந்து ஒரு மீனை எடுத்துக் குவியல்ல திருப்பி எறிவான். எறிஞ்சிட்டா அத்தோட பிரிக்கிறது நின்னுரும். அவன் குறையக் கேக்காம யாரும் கூடையத் தூக்கப்படாது. அந்த ஒரு மீனு போனதுக்கு யாரும் அழ மாட்டாங்க."

கபீர் மரைக்காயர் தொடையில் அடித்துக்கொண்டு எழுந்தார். "எறிஞ்சிருவோம்" என்றார்.

சபை கூடும் நாள் வியாழன். செவ்வாய்க்கிழமையே அவர் புதுச்சேரிக்கு ரயிலேறினார். அஞ்சுகம் ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏற்கனவே ஒரு விருந்தில் சூடு கண்டாயிற்று. நடந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயைக் கட்டினாள். வாழ்நாளில் அவள் வாயைக் கட்டியது அந்த இரண்டு நாள்தான். அதுதான் தப்பாகப் போயிற்று.

புதன்கிழமை மத்தியானம் அவள் வெறுங்கூடையோடு ஊர் திரும்பியபோது கோயில் வாசலில் ஆண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். கோட்டுச்சேரி டீக்கடையில் யாரோ பேப்பரை உரக்கப் படித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவில் வெட்டுக் கோரிக் காரைக்கால் உறுப்பினர் கபீர் தீர்மானம் கொடுத்திருக்கிறார், நாளை விவாதம் என்று நாலு வரி. அவ்வளவு போதாதா?

"நம்ம சோத்தைத் தின்னுட்டு நம்ம ஆஸ்பத்திரியிலேயே கை வைக்கிறாரு" என்று ஒருவன் கத்தினான்.

"நர்சு கேட்டோம். கட்டிலையும் புடுங்கப் பாக்குறாரு."

நடராசன் கையைத் தூக்கியதும் அமைதியானது. அவர் தீர்ப்புச் சொன்னார். இன்று முதல் கபீர் கடையில் ஒரு முழம் நூல் வாங்கக்கூடாது. அவர் வீட்டுக்கு மீன் போகக்கூடாது. மீறினால் ஊர் அபராதம். அதோடு, கபீருக்குப் புதுச்சேரிக்கு உடனே தந்தி அடிப்பது. 'வெட்டை ஊர் ஏற்கவில்லை, திரும்பப் பெறவும்.' கோட்டுச்சேரி வாத்தியாரிடம் எழுதி வாங்கிய காகிதம் ஏற்கனவே ஒரு வாலிபன் சட்டைப் பையில் இருந்தது. சைக்கிளும் தயாராக நின்றது.

அஞ்சுகம் அந்தச் சைக்கிளைப் பார்த்தாள். அந்தத் தந்தி நாளைக் காலை கபீர் கையில் விழுந்தால் அவர் எழுந்து நிற்கவே மாட்டார். எந்த ஊருக்காக மீனை எறிந்தாரோ அந்த ஊரே வேண்டாம் என்ற பிறகு யாருக்காக நிற்பது? ஆஸ்பத்திரி இனம் அரை நிமிஷத்தில் தாண்டிப் போய்விடும். அப்புறம் ஐப்பசி. அப்புறம் வரப்பு.

பஞ்சாயத்தில் பெண்கள் பேசுவதில்லை. தூரத்தில் வேலியோரம் நின்று கேட்பார்கள். அஞ்சுகம் வேலியைத் தாண்டவில்லை. தாண்டத் தேவையும் இல்லை. மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல் அது.

"மாமா, நான் ஒண்ணு கேக்கணும். பதில் சொல்லிட்டு அபராதம் போடுங்க."

"யாரது? அஞ்சுகமா? பொம்பளைங்களுக்கு இங்க என்னா வேலை?"

"புள்ள பெத்துக்குற வேலைங்க மாமா. அதை நீங்க யாராச்சும் ஏத்துக்கிட்டா நான் வாய மூடிக்கிறேன்."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஆண்களிலும் சிலர் மீசைக்குள் சிரித்தார்கள். நடராசன் அவளை முறைத்தார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

"எவ்வளவு வெட்டச் சொன்னாருன்னு பேப்பர்ல போட்டிருக்குதா?"

பேப்பரைக் கொண்டு வந்தவன் தலையைச் சொறிந்தான். "அது போடல."

"ஒரு ரூபாய். ஒத்த ரூபாய். ஒரு ரூபாயில கட்டிலு போவுமா, ஓடு போவுமா?"

"ஒரு ரூபாயா? எதுக்கு?" என்றார் நடராசன்.

"போன மாசம் வாளை பிரிக்கிறப்ப நீங்களே ஒரு மீனை எடுத்து எறிஞ்சீங்களே மாமா, அது எதுக்கு? மீனு அழுகிப் போச்சா? உங்களுக்கு வாளை வேணாமா?"

அந்தச் சம்பவம் எல்லோருக்கும் தெரியும். அன்று நடராசனின் பங்கில் ஒரு கூடை குறைந்திருந்தது. அவர் எறிந்த பிறகுதான் எண்ணிப் பார்த்துக் கொடுத்தார்கள்.

"சர்க்கார் பங்கு பிரிக்குது" என்றாள் அஞ்சுகம். "மருந்துக்கு ஒரு பங்கு, கூரை ஓட்டுக்கு ஒரு பங்கு. நமக்கு இல்ல. மரைக்காயர் கையில பங்கு போடுற தட்டு இல்ல மாமா. அது சர்க்கார் கையில. இவங்க கையில இருக்குறது, நிறுத்துன்னு சொல்ற ஒரே ஒரு மீனு. அதத்தான் எறிஞ்சிருக்காங்க. எறியிறதுக்கு முன்னாடி என்கிட்ட சொன்னாங்க. நான் உங்ககிட்ட சொல்லல. அது என் குத்தம். அதுக்கு வேணா அபராதம் போடுங்க, கட்டுறேன். தந்திய மட்டும் அனுப்பாதீங்க. நாளைக்குக் காலையில அவரு எழுந்து நிக்கிறப்ப, கரையில ஊரு அவரு பின்னால நிக்கணும்."

நடராசன் வாலிபனிடம் கையை நீட்டினார். காகிதத்தை வாங்கி நான்காகக் கிழித்தார்.

"தந்தி போகட்டும்" என்றார். "வேற தந்தி. வெட்டுக்கு ஊர் சம்மதம்னு. காரைக்கால் போஸ்டாபீஸ்ல எத்தனை மணிக்கு மூடுவான்?"

"அஞ்சு மணிக்கு" என்றான் அவன்.

"மணி நாலு ஆவுது. என்னா சொல்லணும்னு தெரிஞ்சவ அவதான். அவளை ஏத்திக்கிட்டு மிதிடா."

மேட்டில் அதுவரை எந்தப் பெண்ணும் சைக்கிள் பின்னால் உட்கார்ந்ததில்லை. அஞ்சுகம் புடவையை வரிந்து செருகிக்கொண்டு ஏறினாள். ஏறியதும், "வேகமா, இன்னும் வேகமா" என்று அவன் முதுகில் குத்திக்கொண்டே போனாள். கோட்டுச்சேரி பின்னால் போனது. வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். காற்று காதில் இரைந்தது. பயத்திலா சந்தோஷத்திலா என்று தெரியாமல் அவள் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தந்தி ஜன்னலை மூடப் போகிற நேரம். மூக்குக்கண்ணாடி போட்ட ஊழியர், "என்னா வாசகம்?" என்றார்.

"வெட்டுங்க, விடாதீங்க. கோட்டுச்சேரிமேடு" என்றாள் அவள் மூச்சு வாங்க.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, இதை நான் அடிச்சா ராத்திரிக்குள்ள என்னையும் சேத்துப் போலீஸ் தூக்கிரும். விவரமா சொல்லு."

விவரம் சொன்னாள். அவர் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகமும் மலர்ந்தது. கடைசியில் அவரே சொற்களைத் தேர்ந்தெடுத்து எழுதிக்கொடுத்தார்: 'ஒரு ரூபாய் வெட்டுக்கு ஊர் முழுச் சம்மதம். கோட்டுச்சேரிமேடு.' முந்தானை முடிச்சை அவிழ்த்து அன்றைய மீன் காசில் அவள் கட்டணத்தைக் கொடுத்தாள். கருவி டக்டக்கென்று பேசத் தொடங்கியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சத்தம் நிற்கும்வரை அங்கேயே நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மரைக்காயர் வீட்டுக் கொல்லையில் அவளுக்கு முன்பே ஊர்ப் பெண்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். கபீர் மரைக்காயர் ரயிலிலிருந்து இறங்கி முகம் கழுவக்கூட இல்லை.

"தந்திய சபையில படிச்சேன்" என்றார். "எல்லாரும் சிரிச்சாங்க. தன் ஆஸ்பத்திரியில வெட்டச் சொல்லித் தந்தி அடிச்ச ஊரு எது, அந்த ஊரை நான் பாக்கணும்னு ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டாரு. சிரிப்பு ஓய்ஞ்சதும் நான் அல்லியைப் பத்திச் சொன்னேன். பேரு சொல்லல. வரப்பை மட்டும் சொன்னேன். அப்புறம் யாரும் சிரிக்கல."

"சர்க்கார் பக்கம்?"

"எழுந்தாங்க. அதே இனத்துக்குள்ள கூரைச் செலவுல மிச்சம் பிடிச்சு, நர்சு வேலை ஒண்ணு போடுறதா ஒத்துக்கிட்டாங்க. வெட்டை வாபஸ் வாங்குங்கன்னாங்க. ஒத்துக்கிட்டதைச் சபைக் குறிப்புல எழுதுங்க, வாங்குறேன்னேன். எழுதினாங்க. வாங்கிட்டேன்."

பெண்கள் குலவையிட வாயைத் திறந்தார்கள். அஞ்சுகம் கையை நீட்டித் தடுத்தாள்.

"இருங்கடி. கையெழுத்து ஆயிருச்சா மரைக்காயரே?"

கபீர் மரைக்காயர் மனைவியைப் பார்த்தார். ஷரீபுன்னிசா, "கேக்குறால்ல, சொல்லுங்க" என்றாள்.

"ஆகல. உத்தரவு தனியா வரணும்."

"அப்ப கொலவை தனியா வச்சுக்கலாம்" என்றாள் அஞ்சுகம்.

பதினெட்டு நாள். தினமும் காலையில் பூமிநாதன் சைக்கிள் துடைக்கும் நேரத்தில் அவள் அவர் வாசலில் நின்றாள். முதல் வாரம் அவர் இல்லையென்று தலையாட்டினார். இரண்டாம் வாரம் அவளைக் கண்டதும் செல்லம்மாவே உள்ளேயிருந்து "இன்னும் இல்லடி" என்றாள். பதினெட்டாம் நாள் பூமிநாதன் சைக்கிளைத் துடைக்கவில்லை. வாசலில் அவளுக்காகக் காத்திருந்தார். உத்தரவின் எண்ணையும் தேதியையும் அவர் சொல்ல, அவள் இரண்டு முறை திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள். பிறகு கூடையை அவர் வாசலிலேயே போட்டுவிட்டு ஊருக்கு ஓடினாள். அன்றைக்குப் போட்ட குலவை கடலுக்குள் இருந்த கட்டுமரம்வரை கேட்டது என்று ஆண்கள் சொன்னார்கள்.

புரட்டாசி கடைசியில் நர்சு வந்தாள். பெயர் கமருன்னிசா. காரைக்கால்காரி, இருபத்தெட்டு வயது, ஒல்லி, கண்டிப்பு. "எனக்குத் தங்க இடம் எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. நடராசன் பொழுது சாய்வதற்குள் கோயிலுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டுக் கொடுத்தார். அல்லியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தலை சரியா இருக்குது. நல்லா நடங்க. உங்க அக்காவை மட்டும் கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லுங்க" என்றாள்.

ஐப்பசி இரண்டாம் வாரம் வானம் பிளந்துகொண்டது. மூன்று நாள் மழையில் வண்டிப்பாதை காணாமல் போயிற்று. நான்காம் நாள் காலையில் அல்லிக்கு வலி. கமருன்னிசா பையைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நான்கு வீடு தாண்டி வந்தாள். வெந்நீர் கேட்டாள், வெளுத்த துணி கேட்டாள், அஞ்சுகத்தை வெளியே போகச் சொன்னாள். அஞ்சுகம் தாழ்வாரத்தில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உச்சிப்பொழுதுக்குச் சற்று முன், உள்ளேயிருந்து பிள்ளை வீறிட்டது. ஒருமுறை வீறிட்டு நிறுத்தவில்லை. யாரோ அதற்குப் பெரிய அநியாயம் செய்துவிட்டதைப் போல விடாமல் கத்தியது. பக்கத்து வீடுகளில் கதவுகள் திறந்தன.

"பொட்டப்புள்ள. பெரியம்மாவைத்தான் உரிச்சு வச்சிருக்குது" என்றாள் கமருன்னிசா, கையைத் துடைத்தபடி வந்து.

அஞ்சுகம் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க இந்த ஊரை விட்டு எங்கயும் போவக்கூடாது அம்மா."

"நான் எங்க போறேன்? ஆனா என் உத்தரவு பங்குனி வரைக்குந்தான். இது நடுவருஷத்துல போட்ட வேலை. வருஷம் முடிஞ்சா வேலையும் முடிஞ்சிரும். அடுத்த பட்ஜெட்டுல எழுதினாத்தான் உண்டு."

"அடுத்த பட்ஜெட்டை எப்ப எழுதுவாங்க?"

"மார்கழிலேயே இலாகாவுல ஆரம்பிச்சிருவாங்க."

அஞ்சுகம் விரல் மடக்கினாள். கார்த்திகை ஒரு மாதம்தான் நடுவில். உள்ளே எட்டிப் பார்த்தாள். அல்லி பிள்ளையை அணைத்தபடி கண்ணை மூடியிருந்தாள். பிள்ளை இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது. அஞ்சுகம் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள்.

"எங்கடி போற, இந்தத் தண்ணியில?" என்று நடராசன் தன் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"காரைக்காலுக்கு மாமா. மரைக்காயர் வீட்டுக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் தண்ணீரில் இறங்கினாள்.